எடை ஏறியும் வளராத குட்டி: ஒரேகான் அல்பாக்கா பண்ணை ஒன்றின் குளிர்காலம்

அல்பாக்கா, ரோமத்துக்காக வளர்க்கும் தென் அமெரிக்க ஒட்டக இன விலங்கு. செப்டம்பர் 30 அன்று 7.2 கிலோ எடையுடன் பிறந்த ஓர் ஆண் அல்பாக்கா குட்டி, ஜனவரி 10 அன்று 22.3 கிலோவில் நின்றுபோயிருந்தது. முன்னங்கால் முட்டிகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. முதுகு கூன் விழுந்திருந்தது. மந்தை நகர்ந்தபோதும் குட்டி எழவில்லை. நோய், வைட்டமின் டி பற்றாக்குறையால் வந்த ரிக்கெட்ஸ், அதாவது வளரும் எலும்பு இறுகாமல் வளைவது. கொடுத்த மருந்து அரை மில்லிக்கும் குறைவு, அதன் விலையும் சொற்பம். ஆனால் குட்டி அந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழி ஒரு வருடத்துக்கும் மேல் நீளமானது. அந்த வழியின் ஒவ்வொரு படியும் பண்ணையின் அன்றாட வேலைக்குள்ளேயே இருந்ததால், இந்த ஆய்வு நோயைவிடப் பண்ணையின் நாளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

இடம் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ள வில்லாமெட் பள்ளத்தாக்கு. இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. அந்தப் பகுதியில் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நோய் வகையை, அதற்குப் பொருந்தும் எடைகளோடும் தேதிகளோடும் ஒரே பண்ணையில் நடந்ததாக வைத்து எழுதியிருக்கிறோம்.

பண்ணையும் குடும்பமும்

நிலம் 5 ஏக்கர். வீடும் கொட்டகையும் மரங்களும் போக மூன்றரை ஏக்கர் மேய்ச்சல் நிலம், நான்கு பட்டிகளாகப் பிரித்தது. சுற்றிலும் ஐந்தடி உயரக் கம்பி வலை. வலைக் கண்ணி 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்பதால் குட்டியின் தலையோ காலோ சிக்காது. கொயோட்டி என்ற சிறு ஓநாயும் பூமாவும் உலவும் பகுதி, அவிழ்த்துவிட்ட ஊர் நாய்களும் உண்டு. அதனால் இரவில் மந்தை முழுவதும் கொட்டகையை ஒட்டிய பட்டிக்குள் வந்துவிடும்.

மொத்தம் 14 அல்பாக்காக்கள்: ஏழு பெட்டைகள், ஒரு பொலிகிடா, காயடித்த ஆண்கள் இரண்டு, முந்தைய ஆண்டுக் குட்டிகள் மூன்று, பிறகு இந்தக் குட்டி. எல்லாம் பஞ்சுபோல் உப்பிய ரோமமுள்ள வகாயா வகை. கணவனும் மனைவியும் வார நாட்களில் வெளியே வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் இருவரும் பள்ளி மாணவர்கள். ரோமம், நூல், புழுக்கை உரம், எப்போதாவது ஒரு குட்டி விற்பனை என்று வருமானம் வரும். தீவனச் செலவும் மருத்துவச் செலவும் அதில் அடங்கினால் நல்ல வருடம். அமெரிக்காவுக்கு 1984ல் அல்பாக்காக்கள் பெருமளவில் வந்து இறங்கிய பின் நெடுங்காலம் ஒவ்வொரு பெட்டையும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோனது. அந்தச் சந்தை சரிந்துவிட்டது. இன்று சிறு பண்ணைக்கு ஒரு பெட்டை ஒரு வருடம் சும்மா நின்றால் அது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். இந்த நோயின் முதல் காரணம் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

இருட்டில் தொடங்கி இருட்டில் முடியும் நாள்

வில்லாமெட் பள்ளத்தாக்கில் டிசம்பர் கடைசியில் சூரியன் எழுவது காலை ஏழே முக்காலுக்கு மேல், மறைவது மாலை நாலரையை ஒட்டி. வேலைக்கும் பள்ளிக்கும் போகும் குடும்பம் காலை ஆறரைக்குக் கொட்டகைக்குப் போகிறது, மாலை ஐந்தரைக்கு மறுபடி போகிறது. இரண்டு வேளையும் நெற்றி விளக்கின் வெளிச்சம்தான். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை மந்தையைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டுமே.

காலையில் முதல் வேலை தீவனம் போடுவதல்ல, எண்ணுவது. விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று, பிறகு மெதுவாக ஒளி பாய்ச்சினால் படுத்திருப்பது எது, தனியாக ஒதுங்கி நிற்பது எது என்று தெரியும். அல்பாக்கா வலியை வெளியே காட்டாது. மந்தையில் பலவீனமாகத் தெரிந்தால் வேட்டை விலங்குக்கு இரையாகும் என்ற பழைய எச்சரிக்கை அதன் உடம்பில் ஊறியது. தீவனம் விழும் சத்தம் கேட்டுவிட்டால் நோயுற்றதும் எழுந்து வந்து வரிசையில் நின்றுவிடும், நாமும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அதனால்தான் தீவனத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

அடுத்தது உலர்புல். வளர்ந்த அல்பாக்கா 55 முதல் 85 கிலோ வரை இருக்கும். நாளொன்றுக்கு அதன் எடையில் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதம் உலர் தீவனம் தின்னும். 14 உருப்படிகளுக்குக் குளிர்காலத்தில் நாளுக்குச் சுமார் 17 கிலோ, அதாவது 25 கிலோக் கட்டு ஒன்று ஒன்றரை நாளைக்கு. ஐந்து மாதத்துக்கு 100 கட்டுகள் மழை படாமல் அடுக்கி வைத்திருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஓர் ஆபத்து இதில் உண்டு. இது புல் விதை விளைவிக்கும் பூமி. அறுவடை முடிந்ததும் ரைகிராஸ் என்ற புல்லின் தாள், அதாவது வைக்கோல், மலிவாகக் கிடைக்கும். புல்தரைக்காக வளர்க்கும் ரைகிராஸ் ரகங்களில் பூச்சியை விரட்டுவதற்காகவே ஒரு பூஞ்சையைத் தண்டுக்குள் வாழவிட்டிருப்பார்கள். அது உண்டாக்கும் லோலிட்ரெம் பி என்ற நஞ்சு அல்பாக்காவுக்குத் தலை நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் வரவழைக்கும். கோர்வாலிஸில் இருக்கும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதிக்கத் தனி ஆய்வகமே இருக்கிறது. சோதிக்காத ரைகிராஸ் தாளைப் படுக்கைக்குக்கூடப் போடக் கூடாது, ஏனென்றால் படுக்கையையும் இவை தின்னும்.

பிறகு தாது உப்பும் வைட்டமினும் சேர்த்த குருணை, தலைக்கு 250 கிராம். நீளமான தொட்டியில் மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும். கிண்ணத்தில் குவித்து வைத்தால் போட்டி போட்டு அள்ளி விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் விற்கும் கலவையை எடுத்துப் போடவும் கூடாது. மாட்டுக் கலவையில் இருக்கும் தாமிரம் அல்பாக்காவின் ஈரலில் சேர்ந்து கொல்லும். இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் கேஸ்கேட் மலையின் மேற்குப் பக்கத்து மண்ணில் செலினியம் என்ற தாது குறைவு என்பதால் அது கலந்த அல்பாக்கா குருணையே இங்கு வழக்கம். இதே குருணையில்தான் வைட்டமின் டியும் இருக்கிறது. பெரியவை அதைத் தின்கின்றன. பால் குடிக்கும் குட்டி இரண்டு, மூன்று மாதம் வரை தொட்டியை முகர்ந்து பார்ப்பதோடு சரி. மந்தைக்கே வைட்டமின் போகிறது என்று நினைத்திருக்கும்போது, அதிகம் தேவைப்படும் ஒன்றுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் மிதவையைச் சரிபார்ப்பது, உறைந்த இரவுக்குப் பின் பனித்தகட்டை உடைப்பது எல்லாம் ஐந்து நிமிட வேலை. அதைவிட நேரம் பிடிப்பது புழுக்கை அள்ளுவது. அல்பாக்காக்கள் மேய்ச்சல் நிலத்தில் இரண்டு மூன்று இடங்களை வைத்துக்கொண்டு எல்லாம் அங்கேயே போய்ப் புழுக்கை போடும், அந்த இடத்தைச் சுற்றி மேயவும் செய்யாது. இதனால் குடற்புழு பரவுவது குறைகிறது. தினமும் ஒரு தள்ளுவண்டி. அள்ளும்போதே பார்த்துவிட வேண்டும்: உருண்டை உருண்டையாகப் பிரிந்து விழுந்திருக்கிறதா, களியாக ஒட்டியிருக்கிறதா, நீர்த்திருக்கிறதா. இந்த மழைப் பிரதேசத்தில் மாதம் ஒருமுறை சில உருப்படிகளின் புழுக்கையை எடுத்துப் புழு முட்டை எண்ணிப் பார்ப்பது வழக்கம். எண்ணாமல் நாட்காட்டி பார்த்து மருந்து கொடுத்தால் புழுக்களுக்கு அந்த மருந்து பழகிவிடுகிறது.

கடைசியாகத் தொட்டுப் பார்ப்பது. ரோமம் எல்லாவற்றையும் மறைக்கும் விலங்கு இது. எலும்பும் தோலுமாக இளைத்த அல்பாக்கா கூட டிசம்பரில் கொழுத்ததாகத் தெரியும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பின் மீது உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அழுத்தினால், இரண்டு பக்கச் சதையும் நேர்ச்சரிவாக இருப்பது நல்ல நிலை. உள்ளே குழிந்தால் இளைப்பு, வெளியே புடைத்தால் கொழுப்பு. பெரியவற்றுக்கு மாதம் ஒருமுறை இது போதும். குட்டிக்குத் தராசுதான்.

ஏன் செப்டம்பரில் பிறந்தது

தாய் ஒன்பது வயதுப் பெட்டை, கரும்பழுப்பு நிறம். முந்தைய ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் கிடாவோடு சேர்த்தார்கள். அல்பாக்காவுக்கு மாட்டைப்போலப் பருவச் சுழற்சி கிடையாது, இணைசேர்வதே கருமுட்டையை வெளிவரத் தூண்டுகிறது. சினை பிடித்ததா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து மறுபடி கிடாவைக் காட்டுவார்கள். சினையானது துப்பும், உதைக்கும், ஓடும். ஆகாதது கால்மடக்கிப் படுத்துக்கொடுக்கும். இந்தப் பெட்டை துப்பியது, எல்லாரும் திருப்தியானார்கள். இரண்டாம் மாதம் எடுக்க வேண்டிய ஸ்கேனை எடுக்கவில்லை. தொடக்கச் சினை கலைவது அல்பாக்காவில் சகஜம். அக்டோபர் நடுவில் அதே பெட்டை மற்றவற்றோடு கிடாவின் வேலியோரம் போய்ப் படுத்தபோதுதான் வயிற்றில் குட்டி இல்லை என்று தெரிந்தது.

அப்போது இரண்டு வழிகள் இருந்தன: மே வரை காத்திருப்பது, அல்லது அப்போதே சேர்ப்பது. ஒரு வருடத்தை இழக்க மனமில்லாமல் அக்டோபர் 20 அன்று சேர்த்தார்கள். சினைக்காலம் சராசரியாக 345 நாள். எண்ணிப் பார்த்தால் பிரசவம் செப்டம்பர் 30ல் விழுகிறது. குட்டி தன் முதல் மூன்று மாதத்தையும் தேயும் வெயிலில் கழிக்கப்போகிறது என்பது அன்றே முடிவாகிவிட்டது. மே மாதத்தில் பிறக்கும் குட்டி கோடை முழுவதும் வெயில் காய்ந்து உடம்பில் வைட்டமின் டியைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலத்துக்குள் போகும். செப்டம்பர் குட்டிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

அல்பாக்காவின் சொந்த நிலத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். பெருவின் புனோ 3,800 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டிலிருந்து 16 பாகைத் தெற்கில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 51 பாகை உயரத்தில் நிற்கும். காற்று மெல்லியது, புறஊதாக் கதிர் கடுமையாக அடிக்கும். அந்தக் கதிரைத் தாங்கத்தான் அடர்ந்த ரோமமும் கறுத்த தோலும். வில்லாமெட் பள்ளத்தாக்கின் நடுவில், ஒரேகானின் தலைநகரான சேலம் நகரத்துக்குச் சற்று வடக்கே 45ஆம் அட்சக்கோடு ஓடுகிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் 22 பாகைக்கு மேல் ஏறாது, அதுவும் மேகம் விலகினால்தான். அத்தனை சாய்வில் வரும் ஒளியில், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதா பி கதிரைக் காற்றுமண்டலமே உறிஞ்சிவிடுகிறது. குளிர்கால வெயிலில் கட்டிப்போட்டாலும் பயன் குறைவு.

வைட்டமின் டி இல்லாவிட்டால் குடல் பாஸ்பரஸையும் கால்சியத்தையும் சரியாக உறிஞ்சாது. அல்பாக்காவில் இரத்தத்தில் முதலில் சரிவது பாஸ்பரஸ். வளரும் எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு தாது ஏறி இறுகாமல் மெத்தென்று தடித்துக்கொண்டே போகும். அதன்மேல் உடல் எடை இறங்குகிறது, முட்டிகள் வளைகின்றன, நடக்க வலிக்கிறது, நடக்காத குட்டி குறைவாகவே பால் குடிக்கிறது.

நன்றாகவே தொடங்கியது

பிரசவம் காலை பத்து மணிக்கு. அல்பாக்காக்கள் பெரும்பாலும் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில்தான் ஈனும். ஈரக்குட்டி உறைபனி இரவுக்குள் உலர்ந்து நிற்க வேண்டிய உயர் மலையின் வழக்கம் அது. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்தது, மூன்று மணி நேரத்துக்குள் காம்பைப் பிடித்தது. தொப்புளை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் நனைத்தார்கள், அன்றே மேலும் இரண்டு தடவை. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று விரித்துப் பார்த்தார்கள்.

அல்பாக்காவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது, எல்லாம் சீம்பாலில்தான். முதல் 24 மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்காவது குடித்திருக்க வேண்டும், அதற்குப் பின் குடல் அதை அப்படியே உள்ளே விடாது. மறுநாள் எடுத்த இரத்தச் சோதனையில் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு இருந்தது. இந்த ஒரு சோதனை மூன்று மாதம் கழித்து வேறு வகையில் உதவியது: சீம்பால் குறைந்த குட்டிக்கு வரும் மூட்டுச் சீழைச் சந்தேகப் பட்டியலில் கீழே தள்ளியது.

முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை எடை பார்த்தார்கள். 30ஆம் நாள் 13.7 கிலோ, 60ஆம் நாளான நவம்பர் 29 அன்று 19.6 கிலோ. நாளுக்குச் சுமார் 200 கிராம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தோடு மாதம் ஒருமுறை போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கே தவறியது

நவம்பர் 1 அன்று பண்ணையின் நாட்காட்டியில் "வைட்டமின் டி" என்று எழுதியிருந்தது. முந்தைய ஆண்டுக் குட்டிகள் மூன்றுக்கும் வாய்வழிப் பசை கொடுத்தார்கள். ஒரு மாதக் குட்டிக்குக் கொடுக்கவில்லை, பால் குடிக்கிற குட்டிக்குத் தாய்ப்பாலே போதும் என்ற நம்பிக்கை. அல்பாக்கா பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதிலும் இந்தத் தாய் கருநிறம், வெளிர்நிற அல்பாக்காவைவிடக் கருநிறத்துக்கு இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைவாகவே இருக்கும்.

டிசம்பரில் குளிர் கூடியதும் குட்டிக்குப் பஞ்சு அடைத்த மேலங்கி போட்டார்கள். பிறந்த சில நாட்களுக்கு, ஈரமும் குளிரும் சேர்ந்தால், அந்த அங்கி உயிரைக் காக்கும். இரண்டரை மாதக் குட்டிக்கு அதன் சொந்த ரோமமே போதுமானது. வாரக் கணக்கில் அங்கி கிடந்ததில் கொஞ்சநஞ்ச வெயிலும் முதுகில் படவில்லை. குளிர்காலப் பட்டியும் கொட்டகைக்கு வடக்கே டக்ளஸ் ஃபர் மரங்களின் நிழலில் இருந்தது, கோடையில் தணுப்பாக இருக்கும் என்று தேர்ந்த இடம்.

டிசம்பர் 28 அன்று எடை 22.4 கிலோ. பதிவேட்டில் பக்கத்திலேயே ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி. ஏறியிருக்கிறது என்ற அளவில் அது உண்மைதான். ஆனால் 29 நாளில் 2.8 கிலோ என்றால் நாளுக்கு 97 கிராம், முந்தைய மாதத்தில் பாதி. பழைய வேகத்தில் போயிருந்தால் 25.4 கிலோ இருந்திருக்க வேண்டும். மூன்று கிலோ காணாமல் போனது அந்தப் பக்கத்திலேயே இருந்தது, வகுத்துப் பார்க்காததால் தெரியவில்லை. இந்த முழு நிகழ்விலும் நாங்கள் அதிக முக்கியத்துவம் கொடுப்பது இந்த இடத்துக்குத்தான். வைட்டமினை மறப்பது யாருக்கும் நடக்கும். மறந்ததைக் காட்டிக்கொடுக்கும் கருவி கொட்டகையிலேயே இருந்தது, அன்றே கணக்குப் போட்டிருந்தால் கால் வளைவதற்கு முன் ஊசி போட்டிருக்கலாம்.

ஜனவரி 10

சனிக்கிழமை, பகல் வெளிச்சம். 22.3 கிலோ. பதிமூன்று நாளில் 100 கிராம் குறைந்திருக்கிறது. எழுப்பி நிறுத்தினால் பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து முதுகை வளைத்து நின்றது, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தது. முன்னங்கால் முட்டிகளுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் ஒரே அளவு தடிப்பு, தொட்டால் சூடில்லை. உடல் வெப்பம் 38.3 பாகை செல்சியஸ், அது சரியான அளவு.

மருத்துவர் வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தார். மூட்டில் சீழ் என்றால் ஒரு மூட்டு சூடாக வீங்கும், காய்ச்சல் இருக்கும், பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். இங்கே எல்லா மூட்டும் ஒன்றுபோல. செலினியக் குறையால் வரும் தசைநோயில் விறைப்பும் பலவீனமும் இருக்கும், எலும்பு முனை தடிக்காது. தாயின் மடியைப் பார்த்தார்: நான்கு காம்பிலும் பால் இருந்தது. புழுக்கையில் முட்டை சொற்பம். ஐந்து வாரத்துக்கு முன் தொற்றினால் இப்போதுதான் முட்டை காட்டும் ஐமீரியா மக்குசானியென்சிஸ் என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. இமையின் உள்பக்கம் நல்ல சிவப்பு, இரத்தச் சிவப்பணு அளவு 28 சதவீதம், அதனால் இரத்தம் குடிக்கும் புழுவும் இல்லை. அமெரிக்காவின் கிழக்கில் அல்பாக்காக்களை முடக்கும் மூளையுறைப் புழு இந்தப் பக்கம் கிடையாது.

இரத்தத்தில் பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 2.4 மி.கி. இந்த வயதுக் குட்டிக்குப் பொதுவாக 6க்கு மேல் இருக்கும், 3க்குக் கீழே போனால் ரிக்கெட்ஸ் என்றே பார்ப்பார்கள். கால்சியம் ஏறத்தாழச் சரியாக இருந்தது, அதை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். எக்ஸ்ரேயில் முன்னங்கை எலும்பின் வளர்முனைக் கோடு அகன்று, ஓரம் சிதைந்து தெரிந்தது. இரத்தம் எடுத்த பிறகே ஊசி போட்டார்கள். போட்டுவிட்டு எடுத்தால் வைட்டமின் அளவைப் பார்த்துப் பயனில்லை.

அளவுக் கணக்கு

சிகிச்சைக்கு வைட்டமின் டி3, கிலோவுக்கு 1,000 முதல் 2,000 சர்வதேச அலகு, தோலுக்கடியில் ஒரே ஊசி. இங்கே 1,500 என்று வைத்தார் மருத்துவர். 22.3 கிலோவுக்கு 33,450 அலகு. கையிலிருந்த குப்பியில் மில்லிக்கு வைட்டமின் ஏ 5 லட்சம் அலகும் டி3 75,000 அலகும் சேர்ந்தது. 33,450ஐ 75,000ஆல் வகுத்தால் 0.45 மில்லி.

தவறு நடப்பது இந்த வரியில்தான். 3 மில்லி ஊசிக்குழலில் கோடுகள் 0.1 மில்லிக்கு ஒன்று, அதில் 0.45ஐக் கண்ணளவில்தான் எடுக்க முடியும். 1 மில்லி குழல் வேண்டும். குப்பிக்குக் குப்பி செறிவு மாறும், போன வருட மில்லி அளவை நினைவிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. எடையைத் தராசில் பார்க்காமல் ஊகிக்கவும் கூடாது. வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து தங்கிவிடும், மிகுந்தால் வெளியேற வழியில்லை. மிகும்போது கால்சியமும் பாஸ்பரஸும் ஏறிச் சிறுநீரகத்தில் படியும். குட்டிகள் இதனால் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கின்றன. ஊசி போட்டது தெரியாமல் வீட்டில் இன்னொருவர் பசையையும் கொடுப்பதே பண்ணைகளில் இரட்டை அளவுக்கு வழக்கமான காரணம். அதனால் ஊசி போட்ட கையோடு கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் பெயர், தேதி, மில்லி எழுதிவிடுகிறார்கள். செலினிய ஊசிக்கும் இதே விதிதான், அதிலும் சிகிச்சை அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது.

குட்டியைத் தாயோடும் இன்னொரு பெட்டையோடும் சின்னப் பட்டியில் விட்டார்கள். தனியே பிரித்தால் அல்பாக்கா தீவனத்தையே விட்டுவிடும். நடை குறைய வேண்டும், படுக்கை உலர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மேலங்கியைக் கழற்றினார்கள். நான்காம் நாள் தானாக எழுந்து பால் குடிக்கப் போனது. இரண்டு வாரத்தில் பாஸ்பரஸ் சரியான அளவுக்குத் திரும்பியது. ஜனவரி 24ல் 24.3 கிலோ, பிப்ரவரி 7ல் 27.2 கிலோ, அதாவது கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல். பால் மறக்கடிப்பது வழக்கமாக ஆறாம் மாதம். இதற்கு ஏப்ரல் கடைசி வரை தள்ளிவைத்தார்கள். மார்ச் எக்ஸ்ரேயில் வளர்முனைக் கோடு ஒடுங்கியிருந்தது. முட்டி வளைவு பெருமளவு நேரானது, முழுவதும் அல்ல.

பண்ணையில் மாற்றியவை

இணைசேர்க்கும் காலம் மே 1 முதல் ஜூலை 15 வரை மட்டும். அப்படிச் சேர்த்தால் ஏப்ரல் 11க்கும் ஜூன் 25க்கும் இடையில் பிரசவம். 60ஆம் நாள் ஸ்கேன் கட்டாயம், ஜூலை 15க்குப் பின் வயிற்றில் குட்டி இல்லை என்று தெரியவந்தால் அந்தப் பெட்டை அடுத்த மே வரை நிற்கும். ஒரு குட்டி நஷ்டம்தான். ஆனால் வளைந்த காலோடு ஒன்று, எக்ஸ்ரே, இரண்டு இரத்தச் சோதனை, மருத்துவர் வருகை என்று கூட்டினால் அந்தக் குட்டியில் லாபம் எதுவும் மிஞ்சவில்லை. வெயில் சுட்டெரிக்கும் தெற்கு மாநிலங்களில் இலையுதிர்காலப் பிரசவத்தையே விரும்புவார்கள், அங்கே அது சரி. 45ஆம் அட்சக்கோட்டில் அதைப் பின்பற்ற முடியாது. ஆனால் கோடையைக் கண்டு பயப்பட இங்கும் காரணம் உண்டு: 2021 ஜூன் 28 அன்று சேலத்தில் வெப்பம் 47 பாகை செல்சியஸைத் தொட்டது. எனவே ஜூன் பிரசவத்துக்கு முன்பே மே மாதத்தில் ரோமம் கத்தரித்து, நிழலும் விசிறியும் வயிற்றுப்பக்கம் நனைக்கத் தண்ணீர்க் குழாயும் தயாராக இருக்க வேண்டும். முதுகை மட்டும் நனைத்தால் ஈர ரோமம் வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும்.

நவம்பர் 1, ஜனவரி 1 என்ற நாட்காட்டி அப்படியே இருக்கிறது, ஆனால் பெயர்ப் பட்டியல் இப்போது பால்குடிக் குட்டியை விட்டுவிடுவதில்லை. அன்று பட்டியில் நிற்கும் இரண்டு வயதுக்குட்பட்ட எல்லாவற்றுக்கும் தராசு எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 1,000 அலகு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை, மார்ச் முதல் வாரம் வரை. பசையை விட்டுவிட்டு மருத்துவர் சொன்னபடி ஊசிக்கு மாறினார்கள், ஏனென்றால் குட்டி பசையில் பாதியைத் துப்பிவிடுகிறது, உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

எடைப் பதிவேட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: முந்தைய எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தை நாளால் வகுத்த கிராம். ஆறு மாதம் வரை வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, பிள்ளைகளின் பொறுப்பு. 150 கிராமுக்குக் கீழே விழுந்தால் அன்றே தாயின் மடி, புழுக்கை, கால் மூன்றையும் பார்ப்பது. 100க்குக் கீழே என்றால் மருத்துவருக்கு அழைப்பு. எடை பார்த்தபின் குட்டியைச் சமதரையில் பத்தடி நடக்கவிட்டு முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைபேசியில் படம் எடுத்துவைக்கிறார்கள். வாரா வாரம் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல வரும் வளைவு பழகிப்போகிறது, படங்களை அடுத்தடுத்து வைத்தால்தான் தெரிகிறது. குளிர்காலப் பட்டி கொட்டகையின் தெற்குப் பக்கம் வந்துவிட்டது.

இந்தக் குட்டிக்கு மே மாதம் முதல் முறையாக ரோமம் கத்தரித்தார்கள். மெல்லிய முதல் ரோமம், நல்ல விலைக்குப் போகும் தரம். பொலிகிடாவாக வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியில் மட்டும் கவனம் வேண்டியிருந்தது. ரிக்கெட்ஸால் வந்த வளைவு குட்டிகளுக்குக் கடத்தப்படாது. ஆனால் பிறவிக் கோணலும் கண்ணுக்கு இதே மாதிரிதான் தெரியும், வாங்க வருகிறவருக்குப் பிரித்தறிய வழியில்லை. இரண்டு வயதுக்குப் பின் விற்பதானால் ஜனவரி, மார்ச் எக்ஸ்ரே இரண்டையும் முதல் ஐந்து மாத எடைப் பக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார்.